டெக்சஸில் மான் வேட்டை நிலம்: "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம் கவனம்

ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருக்கும் நம்மவர்கள் சிலர் இப்போது ஹில் கன்ட்ரியில் (மத்திய டெக்சஸின் குன்றுப் பகுதி) நிலம் வாங்கிப் போடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பிளாங்கோ கவுண்டியில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய அறுபது ஏக்கரை மான் வேட்டைக்கு ஏற்ற நிலமாக்கித் தருகிறோம், வரிச்சலுகைக்கான வேலையையும் நாங்களே செய்கிறோம் என்று சொன்ன ஒரு பராமரிப்பு நிறுவனத்துடன் ஒரு வருட ஒப்பந்தம் போட்டோம். முன்பணம் 6,500 டாலர், அதற்கு மேல் மாதக் கட்டணம். பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும், வீடு கட்ட நினைத்த மேட்டில் இருந்த பெரிய ஓக் மரங்கள் சாகின்றன. விவகாரம் கோர்ட்டுக்குப் போகவிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

இந்தப் பொழுதுபோக்கு பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. டெக்சஸில் 90 சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியார் கையில். அதனால் வேட்டைக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் சொந்த நிலம் வேண்டும், இல்லாவிட்டால் யாரிடமாவது லீஸ் எடுக்க வேண்டும். ஃபீடர் வைத்துச் சோளம் போட்டு மானை வரவழைப்பதும் தனியார் நிலத்தில் சட்டப்படி சரிதான். (ஊரில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது "போலீஸ் பிடிக்காதா?" என்றுதான் முதலில் கேட்டார். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு இது புரிய நாளாகும்.) இங்கே பிரச்சினையே மான் அதிகமாக இருப்பதுதான். ஓநாய் எப்போதோ ஒழிந்துவிட்டது, பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய விலங்கான கூகர் இந்தப் பக்கம் அரிது. சுடாமல் விட்டால் வெள்ளைவால் மான்கள் பெருகி, எட்டும் உயரத்தில் ஒரு தழை மிச்சமில்லாமல் மேய்ந்துவிட்டுப் பசியில் மெலிகின்றன.

வரி விஷயம்தான் இந்த மாதிரி நிறுவனங்களின் தூண்டில். 1995-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஏற்கனவே 1-டி-1 என்ற விவசாய மதிப்பீட்டில் (சந்தை விலைக்கு வரி போடாத முறை) இருக்கும் நிலத்தை, மாடு மேய்க்காமலே வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றலாம். வரி அதே குறைந்த அளவில் தொடரும். ஆனால் வாழிடத்தைச் சீர்படுத்துதல், மண்ணரிப்பைத் தடுத்தல், இரைகொல்லி விலங்குகளைக் கட்டுப்படுத்துதல், தண்ணீர், தீனி, மறைவிடம், கணக்கெடுப்பு ஆகிய ஏழில் குறைந்தது மூன்றையாவது அந்த வருடத்தில் செய்திருக்க வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். விண்ணப்பம் போவது கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு, அதாவது வரிக்காக நிலத்தை மதிப்பிடும் அலுவலகத்துக்கு. "மாநில வனவிலங்குத் துறையில் எங்களுக்கு ஆள் இருக்கிறது, ஒப்புதல் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வரியை முடிவு செய்வது அந்தத் துறையே அல்ல.

எங்கள் ஆள் தேர்ந்தெடுத்த மூன்று தீனி, வாழிடம், கணக்கெடுப்பு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

தீனி என்றால் சோளம். மூட்டை மூட்டையாக வந்தது, பில்லும் வந்தது. மூட்டைகளில் லேபிளே இல்லை. மான் சோளம் வாங்கும்போது அஃப்ளடாக்சின் 20 பிபிபி-க்குக் (நூறு கோடியில் 20 பங்கு) கீழே என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூஞ்சை பிடித்த சோளத்தில் வரும் அந்த நஞ்சு, ஃபீடரடியில் பொறுக்கித் தின்னும் காடைக்கும் வான்கோழிக்கும் மானைவிட ஆபத்து. எங்கள் ஷெட்டில் இருந்த மூட்டைகளில் பாதி ஈரம் கோத்துக் கட்டிதட்டிப் போயிருந்தது. அப்படியே நல்ல சோளமாக இருந்தாலும் அதில் புரதம் சுமார் 8 சதவீதம்தான். மானைக் கேமரா முன்னால் கொண்டுவந்து நிறுத்த அது உதவும், கொம்பு வளர்க்க உதவாது. கொம்புக்கு வேண்டியது வயது, அப்புறம் நிலத்திலேயே முளைக்கும் தழையும் சிறு செடிகளும். இதைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கணக்கெடுப்பு அறிக்கை செப்டம்பரில் பிடிஎஃப்-ஆக வந்தது. பளபளவென்று இருந்தது. ஆண் மான் இத்தனை, பெண் மான் இத்தனை, குட்டி இத்தனை என்று அட்டவணை, கூடவே பெரிய கொம்பு மான்களின் படங்கள். எங்களில் இளையவர் ஒருவர், புகைப்படம் எடுப்பதில் பைத்தியம் உள்ளவர், அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்: "அண்ணா, இது நம்ம நிலமே இல்லைண்ணா." உண்மைதான். எங்களுடையது வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, லைவ் ஓக், சீடர் என்று இவர்கள் சொல்லும் ஜூனிப்பர். படத்தில் இருந்தது சிவந்த மணல், சப்பாத்திக்கள்ளி, இடுப்புயர முள்புதர். தெற்கு டெக்சஸ் அப்படியே. டிரெயில் கேமரா படத்தின் அடியில் தேதி, வெப்பநிலை, நிலவின் பிறை எல்லாம் ஒரு பட்டையில் வரும். எல்லாப் படத்திலும் அந்தப் பட்டையை வெட்டியிருந்தார்கள்.

கேமராக் கணக்கெடுப்பு அப்படியொன்றும் ரகசிய வித்தையல்ல. ஏறக்குறைய நூறு ஏக்கருக்கு ஒரு கேமரா, இரண்டு வாரம். கொம்பை வைத்து ஆண் மான்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, படங்களில் ஆணுக்கு எத்தனை பெண், எத்தனை குட்டி என்ற விகிதத்தைக் கொண்டு மொத்தத்தைப் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளே இப்போது செய்கிறார்கள்.

மரத்துக்கு வருகிறேன். எனக்கு இன்னும் ஆறாதது இதுதான். பிளைண்டிலிருந்து (வேட்டைக்காரர் மறைந்து உட்காரும் இடம்) பார்வை தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஏப்ரலில் ஆட்களை அனுப்பி லைவ் ஓக் கிளைகளை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசவில்லை. மத்திய டெக்சஸில் ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் இருப்பது இங்கே மரம் வெட்டும் எவருக்கும் தெரியும். பிப்ரவரி முதல் ஜூன் வரை ஓக்கில் கத்தி வைக்கக்கூடாது, எந்த மாதத்தில் வெட்டினாலும் உடனே காயத்துக்குப் பெயிண்ட் பூச வேண்டும் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் வனத்துறையினர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். புதுக் காயத்தின் சாற்றுக்கு வரும் சிறு வண்டுகள் நோயைக் கொண்டுவந்து விடுகின்றன. அதன் பிறகு வண்டே வேண்டாம். லைவ் ஓக்குகளின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பின்னியவை, அதன் வழியாகவே வருடத்துக்குச் சராசரியாக 75 அடி நகரும். அடுத்த வசந்தத்தில் இலை பச்சையாக இருக்க நரம்பு மட்டும் பழுப்பாகி உதிர ஆரம்பித்தது. இப்போது மேலும் பரவாமல் தடுக்க நான்கடி ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்த்தொடர்பை அறுப்பதுதான் முக்கிய வழி, அதற்கான எஸ்டிமேட் நாங்கள் கொடுத்த முன்பணத்தைவிட அதிகம். இலையுதிர்காலத்தில் மான் தேடி வருவதே ஓக் கொட்டைக்குத்தான். அதைத் தரும் மரத்தைக் கொன்றுவிட்டு மூட்டைச் சோளம் கொட்டுவதற்கு வாழிடப் பராமரிப்பு என்று பில் போட்டிருந்தார்கள்!

அடுத்து சீடரை மொத்தமாகப் புல்டோசர் வைத்துத் தள்ளும் திட்டம் இருந்தது. அதை நிறுத்திவிட்டோம். முதிர்ந்த ஜூனிப்பரின் உரிந்த பட்டையைக் கொண்டுதான் கோல்டன் சீக்டு வார்ப்ளர் என்ற சிறு பறவை கூடு கட்டும். மத்திய டெக்சஸைத் தவிர உலகில் வேறெங்கும் அது இனப்பெருக்கம் செய்வதில்லை. 1990 முதல் அழியும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதன் வாழிடத்தை அழித்தால் மத்திய அரசுக்குப் பதில் சொல்ல வேண்டியது புல்டோசர்காரர் மட்டுமல்ல, நில உரிமையாளரும்தான்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, துப்பாக்கி சீசன் தொடக்கம். விடியுமுன் போனால் எங்கள் பிளைண்டில் வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஹூஸ்டனிலிருந்து வந்த பெரியவர், மரியாதையான மனிதர். இந்த சீசனுக்கு லீஸ் பணம் கட்டிய ரசீதைக் காட்டினார். கொடுத்தது எங்கள் நிறுவனமேதான்! எங்கள் நிலத்தை எங்களுக்குத் தெரியாமலே வெளியாளுக்கு வேட்டை லீஸ் விட்டிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு வேட்டைக்கு லீஸ் விட நில உரிமையாளருக்கு மாநில லைசென்ஸ் வேண்டும், எங்களிடம் அது கிடையாது. கேம் வார்டனிடம் (வேட்டைச் சட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி) நாங்களே சொல்லிப் பதிவு செய்துவைத்தோம். இருட்டில், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாமல், இரண்டு தரப்பு ரைஃபிளோடு ஒரே நிலத்தில் நடந்திருக்கிறது. இதை நினைத்தால் பணமெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை.

அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஆதாரம் கேட்டுக் கடிதம் அனுப்பியபோது நிறுவனம் போனையே எடுக்கவில்லை. நாங்கள் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டி, பறவைக் கூடுப்பெட்டி ரசீதுகள், அதன் பின் நாங்களே எடுத்த கணக்கு, இவற்றை வைத்துத்தான் சலுகையைக் காப்பாற்றினோம். இல்லாவிட்டால் சந்தை விலைக்கு வரி.

இதற்கெல்லாம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் உயிரியலாளர் கேட்டால் இலவசமாக நிலத்துக்கு வந்து பார்க்கிறார். எங்களுக்கு வந்தவர் மானைப் பற்றிப் பேசவே அரைமணி நேரம் ஆயிற்று. அதுவரை குனிந்து செடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எதை மான் கடித்திருக்கிறது, எது மிச்சம், அதிலிருந்து எத்தனை பெண் மான்களைச் சுடலாம் என்று சொன்னார். அவர் சொன்னபடி செய்த பிறகு வேட்டையும் இப்போதுதான் வேட்டையாக இருக்கிறது. பிள்ளைகள் ஹன்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சியை முடித்துவிட்டார்கள் (1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த யாருக்கும் அது கட்டாயம், பெற்றோர்களுக்கும் சேர்த்துத்தான்). மான்கறி மிளகு வறுவலுக்கு ஆட்டுக்கறியைவிடக் குறைந்த நேரம் போதும், கொழுப்பே இருக்காது, நல்லெண்ணெய் தாராளமாக விடுங்கள்.

எப்படியும் ஆள் வைக்கத்தான் வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: எங்கள் கையெழுத்தில்லாமல் யாரையும் நிலத்துக்குள் விடக்கூடாது, ஓக் வெட்டும் மாதமும் பெயிண்டும், கேமராவின் எஸ்டி கார்டுகள் எங்களுக்கே சொந்தம். எங்கள் தரப்பில் மாநில ஏமாற்று வணிகச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது. பதில் வராவிட்டால் சிறு வழக்குகளைப் பார்க்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டில் போடுகிறோம், அங்கே 20,000 டாலர் வரை கேட்கலாம். அந்த ஹூஸ்டன் பெரியவர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். உங்களிடமும் இதே மாதிரி பட்டை வெட்டிய படங்களோடு ஓர் அறிக்கை இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.