ரேடியோ ட்ரிகர் என்று விற்கப்பட்ட அகச்சிவப்பு ரிமோட்: தோட்டத்துப் பறவைகளைப் படமெடுப்போருக்கு ஓர் எச்சரிக்கை

திருவட்டாறு பக்கத்தில் வீட்டை ஒட்டி எனக்கு நாற்பது சென்ட் விளை இருக்கிறது. சக்கை மரம் இரண்டு, ஜாதிக்காய் நான்கு, ஓரத்தில் கமுகு வரிசை, நடுவே காலாகாலமாகக் கூட்டாமல் விட்ட சருகு. அஞ்சல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சருகின் நடுவில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்து, வருகிற பறவைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து குளிக்கும். சின்னான்கள் நாள் முழுவதும் வரும். வால்காக்கை வந்தால் மற்றவை விலகிவிடும். ஆனால் நான் காத்திருப்பது ஆறுமணிக்குருவிக்காக. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கூடுகட்டி, பனிக்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் அந்தப் பறவை, விடியும் போதும் அந்தி சாயும் போதும் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுத்துவிட்டு, பகலெல்லாம் சருகைப் புரட்டிப் புழு பொறுக்கும். பச்சை முதுகும் நீலத் தோளும் வாலடியில் இரத்தச் சிவப்புமாக அது சட்டியருகே வருவதைச் சமையலறை ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கேமராவோடு வாசலைத் திறந்தால் போதும், அது இருந்த இடம் தெரியாது.

ஆகவே, கேமராவைச் சட்டியிலிருந்து இரண்டு மீட்டரில் முக்காலியில் நிறுத்திவிட்டு, பதினான்கு மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ஷட்டரை இயக்குவது என்று முடிவு செய்தேன். என்னிடம் இருப்பது கேனான் 1500டி. அதில் அகச்சிவப்பு ரிமோட்டை வாங்கிக்கொள்ளும் கண் கிடையாது, பக்கவாட்டில் 2.5 மி.மீ. அளவில் ஒரு துளை உண்டு, அதில் கம்பி வழியாகவோ, கம்பியில் இணைந்த ஒரு ரிசீவர் வழியாகவோதான் தூரத்திலிருந்து இயக்க முடியும். வைஃபை மூலம் செல்பேசியில் இயக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். செய்தும் பார்த்தேன். கண்ணாடி மேலே எழுந்து நின்றபடியே திரையில் காட்சி ஓடிக்கொண்டிருப்பதால் மின்கலம் ஒரு காலைப் பொழுதுக்குள் தீர்ந்துவிடுகிறது. தவிர, விரல் பட்ட நொடிக்கும் படம் விழும் நொடிக்கும் இடையே உள்ள தாமதத்தில் சின்னான் போன பிறகு வெறும் சட்டிதான் மிஞ்சுகிறது. தூரத்திலிருந்து ரேடியோ அலையால் ஷட்டரை இயக்கும் ரேடியோ ட்ரிகர் தேவை என்று எண்ணியது இதனால்தான்.

சென்ற நவம்பரில் நாகர்கோவிலில் ஒரு கேமரா உதிரிபாகக் கடைக்குப் போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். "2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, நூறு மீட்டர், சுவர் தாண்டி வேலை செய்யும்" என்று எழுதி, வெள்ளைப் பெட்டியில் நீல எழுத்துப் போட்ட ஒரு செட்டின் படத்தையும் அனுப்பினார்கள். விலை 2,850 ரூபாய். நேரில் போனதும் சோதித்துக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் ரிசீவரை என் கேமராவில் பொருத்திவிட்டு, அனுப்பியை, அதாவது பொத்தான் உள்ள ரிமோட்டை, கையில் எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது, ஆளைக் காணவில்லை. உள்ளேயிருந்து அழுத்தினார், மேசை மேல் கேமரா கிளிக் என்றது. இரண்டாம் முறையும் கிளிக். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்துப் பணத்தைச் செல்பேசி வழியாகக் கட்டினேன்.

பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி கூடும், எஸ்டிமேட் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். முப்பது ஆண்டுகள் ரசீது கிழித்துக் கொடுத்தே பிழைத்தவன், ஐநூறு ரூபாய்க்காக ரசீது வேண்டாம் என்று சொன்னதை இப்போது யாரிடமும் சொல்லக் கூசுகிறது. அந்தத் துண்டுச் சீட்டில் "கேமரா அக்ஸசரி – 1" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. கடையின் பெயர்கூட அச்சில் இல்லை.

மறுநாள் விடியுமுன் கேமராவை நிறுத்தினேன். சட்டியின் விளிம்பில் ஒரு கரண்டியை வைத்து, அதன் மேல் குவியத்தைச் சரிசெய்து, லென்ஸைக் கைக்குவியத்துக்கு மாற்றினேன். தானியங்கிக் குவியத்தில் விட்டால், பறவை வரும் நேரத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும். பிறகு ஜன்னலுக்கு வந்து அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜன்னலைத் திறந்து அழுத்தினேன். அப்போதும் இல்லை. ஆறுமணிக்குருவி வந்தது, தண்ணீர் குடித்தது, தலையைச் சாய்த்துக் கேமராவைப் பார்த்தது, போயிற்று. நான் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்றேன்.

அன்று முழுவதும் அளவு நாடாவும் கையுமாக விளையில் நடந்தேன். ரிசீவருக்கு நேர் எதிரே நின்றால் ஐந்து மீட்டரில் தவறாமல் வேலை செய்தது. ஏழு மீட்டரில் மூன்றுக்கு ஒரு முறை. இடையில் ஒரு ஜாதிக்காய் இலை வந்தால் அறவே இல்லை. ஒன்பது மணிக்கு வெயில் ரிசீவர் மேல் விழுந்த பிறகு மூன்று மீட்டரிலேயே திணறியது. ரேடியோ அலை இப்படி நடந்துகொள்ளாது. ஓர் இலையைப் பார்த்து நின்றுவிடுவது வெளிச்சத்தின் குணம்.

கோணம் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் செல்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, அனுப்பியின் முனையை அதன் எதிரே பிடித்து அழுத்தினான். திரையில் அந்த முனை ஊதா நிறத்தில் விட்டுவிட்டு மினுங்கியது. வெறுங்கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் தெரியவில்லை. "மாமா, இது டிவி ரிமோட்டுதான்" என்றான். பிறகு ரிசீவரின் மேல் ஒட்டியிருந்த "2.4ஜி" என்ற வெள்ளி ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினான். பசை நீண்டு வந்தது. அடியில் பிளாஸ்டிக்கிலேயே "ஐஆர்" (இன்ஃப்ராரெட், அதாவது அகச்சிவப்பு) என்று பொறித்திருந்தது. முன்முனையில் கருஞ்சிவப்புப் பிளாஸ்டிக் மூடியை நான் அழகுக்கு வைத்தது என்று நினைத்திருந்தேன். அகச்சிவப்பு ஒளி உள்ளே போவதற்கான ஜன்னல் அது.

கடையில் பின்னறையிலிருந்து அது எப்படி வேலை செய்தது என்ற என் கேள்விக்கும் அவன்தான் விடை சொன்னான். சிறிய அறையில், வெள்ளையடித்த சுவர்களுக்கு நடுவே, அகச்சிவப்பு ஒளி சுவரில் பட்டுத் தெறித்துக் கதவு வழியாக வந்து சேர்ந்துவிடும். வீட்டில் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரிமோட்டை அழுத்தினாலும் சேனல் மாறுவது இதனால்தான். விளையில் சுவர் இல்லை, கூரை இல்லை, தெறிக்க எதுவும் இல்லை. அதாவது, என் எதிரில் செய்து காட்டப்பட்ட அந்தச் சோதனைதான் என்னை ஏமாற்றியது. கடைக்காரருக்கு இது தெரிந்தே பின்னறைக்குப் போனாரா என்பதை நான் தீர்மானிக்கப் போவதில்லை. ஆனால் ஸ்டிக்கர் தானாக ஒட்டிக்கொள்ளாது.

திரும்பக் கொண்டுபோனபோது, "கடையில வேலை செஞ்சுதுல்லா சாரே, பெறவு என்ன?" என்றார். செல்பேசியில் ஊதா மினுக்கத்தைக் காட்டினேன். சற்று நேரம் யாருக்கோ போன் பேசிவிட்டு, இன்னும் 900 ரூபாய் கொடுத்தால் அசல் ரேடியோ செட் தருவதாகச் சொன்னார். அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பறவை சித்திரைக்குள் வடக்கே போய்விடுமே என்ற அவசரத்தில் 900 ரூபாயையும் கட்டினேன். பழைய செட்டை அவர் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது செட் உண்மையிலேயே ரேடியோதான். ஜன்னலிலிருந்து அழுத்தினேன், படம் விழுந்தது. இரண்டு படம், மூன்றாவதற்குள் கேமரா இறந்துவிட்டது. முழுதாக மின்னூட்டிய மின்கலம் அது. மறுநாளும் அப்படியே. பையன் மல்டிமீட்டரை எடுத்து வந்து ரிசீவரின் கம்பி முனையைச் சோதித்தான். அந்த 2.5 மி.மீ. பிளக்கில் மூன்று பகுதிகள் உண்டு: நுனி ஷட்டருக்கு, நடு வளையம் பொத்தானைப் பாதி அழுத்துவதற்கு, அடிப்பகுதி பொதுத் தொடர்பு. நடு வளையமும் அடிப்பகுதியும் யாரும் அழுத்தாமலேயே ஒட்டிக்கிடந்தன. எனவே கேமரா, யாரோ பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து உறங்காமல் விழித்திருந்து மின்கலத்தைத் தின்று தீர்த்திருக்கிறது. பிளக்கின் கழுத்தில் பசை வைத்து மறுபடி ஒட்டிய அடையாளம் இருந்தது. ரிசீவரில் செல் போடும் குழியைத் திறந்தால் ஸ்பிரிங் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. பழைய செல் கசிந்து காய்ந்த உப்பு. வேறு யாரோ பழுதென்று திருப்பிக் கொடுத்த செட்டைத்தான் எனக்குப் புதிதென்று கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் முறை போனபோது, விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது என்ற பலகையைக் காட்டினார். அந்தப் பலகை முந்தைய இரண்டு முறையும் அங்கே இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இனி, நான் செய்தவற்றைச் சொல்கிறேன். வேறு யாருக்காவது பயன்படும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்தேன். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். பில் இல்லை என்றதும் மறுதரப்பில் ஒரு சிறு அமைதி. ஆனால் பணம் கட்டியதற்கான செல்பேசிப் பதிவும், "ரேடியோ, நூறு மீட்டர்" என்று கடையிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியும் இருப்பதால் விட்டுவிட வேண்டாம் என்றார்கள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் இறக்குமதியாளரின் பெயரோ முகவரியோ, தயாரித்த மாதமும் ஆண்டுமோ, அதிகபட்ச சில்லறை விலையோ எதுவும் அச்சாகவில்லை. பொட்டலப் பொருள்களில் இவை இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதி; தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. அங்கும் ஒரு மனு கொடுத்திருக்கிறேன்.

பிறகு கடைக்கு எழுத்து மூலமாக ஓர் அறிவிப்பு அனுப்பினேன். பதிவுத் தபால் 2025-இல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டதால் விரைவுத் தபாலில்தான் அனுப்ப முடிந்தது (என் போன்றவர்களுக்கு அது தனிப்பட்ட துக்கம், அதை இங்கே விரிக்கவில்லை). கடிதம் கிடைத்த மறுநாள் கடையிலிருந்து போன் வந்தது. மேற்கொண்டு புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் 900 ரூபாயை மட்டும் திருப்பித் தருவார்களாம். மறுத்துவிட்டேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நாகர்கோவில் ஆணையத்தில் போட மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நிலுவைக்குப் போகவிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

ரேடியோ ட்ரிகர் வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் சோதிக்க வேண்டாம். கேமராவைக் கடை வாசலில் வைத்துவிட்டு, அனுப்பியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, வெயிலில் இருபது அடி எடுத்து வைத்துத் திரும்பி நின்று அழுத்திப் பாருங்கள். ரேடியோ என்றால் உடம்பு மறைத்தாலும் வேலை செய்யும். அதற்கும் முன்பு செல்பேசியின் முன்பக்கக் கேமராவில் முனையைப் பாருங்கள். ஊதாவாக மினுங்கினால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். ரிசீவரைப் பொருத்திய பின் ஒரு பத்து நிமிடம் எதையும் தொடாமல் கேமராவைக் கவனியுங்கள். அது தானாக உறங்கப் போக வேண்டும். போகவில்லையென்றால் பிளக்கில் கோளாறு. உங்கள் கேமராவில் எந்த வகைத் துளை இருக்கிறது என்பதையும் பெயரோடு கேட்டு வாங்குங்கள். கேனானிலேயே சிறிய உடல்களுக்கு இ3, பெரியவற்றுக்கு என்3 என்று இரண்டு உண்டு, ஒன்று மற்றதில் நுழையாது. பில்லைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பில்லில் பொருளின் மாடல் எண்ணும் "ரேடியோ" என்ற சொல்லும் இருக்கட்டும்.

இப்போது நான் பயன்படுத்துவது பையன் செய்து கொடுத்த ஒரு கம்பி. பதினைந்து மீட்டர் மெல்லிய ஒயர், ஒரு முனையில் 2.5 மி.மீ. பிளக், மறுமுனையில் சமையலறை ஜன்னல் சட்டத்தில் திருகி வைத்த காலிங் பெல் சுவிட்ச். குவியம் கையால் வைக்கப்பட்டிருப்பதால் நுனியும் அடிப்பகுதியும் மட்டும் இணைந்தால் போதும். மொத்தச் செலவு 240 ரூபாய். மழையில் ஒயரின் இணைப்பைப் பிளாஸ்டிக் பையால் கட்ட வேண்டும், அணில் ஒருமுறை கடித்துவிட்டது, மற்றபடி குறையில்லை. உறங்கிக்கொண்டிருக்கும் கேமரா முதல் அழுத்தலில் விழித்துச் சற்றுத் தாமதமாகத்தான் படமெடுக்கிறது. அதனால் ஆறுமணிக்குருவியின் முதல் படத்தில் சட்டியும், சருகும், ஓரத்தில் வாலடிச் சிவப்பு மட்டும் விழுந்திருக்கிறது. சீழ்க்கை கேட்டதும் ஒருமுறை அழுத்தி எழுப்பி வைத்துவிட வேண்டும் என்பதை அதன் பிறகு தெரிந்துகொண்டேன்.