கூகுள் ஸ்காலரா, ஸ்கோப்பஸா?

காரைக்குடிப் பக்கம் ஊட்டச்சத்து, வளர்சிதைமாற்றம் குறித்து ஆய்வு செய்வோர், தம் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்ற கணக்கை எதிலிருந்து எடுத்துக் காட்டுவது என்று தயங்குவதுண்டு. கூகுளின் ஆய்வுக் கட்டுரைத் தேடுபொறியான ஸ்காலர், எல்செவியர் பதிப்பகத்தின் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோப்பஸ் இரண்டுமே 2004-இல் வந்தவை.

செலவு: ஸ்காலர் இலவசம். ஸ்கோப்பஸை முழுமையாகப் பயன்படுத்த நிறுவனம் சந்தா கட்ட வேண்டும்.

பரப்பு: கவுனி அரிசியும் இரத்தச் சர்க்கரையும் பற்றிய ஒரு கட்டுரையை முனைவர் பட்ட ஆய்வேடொன்று மேற்கோள் காட்டினால், அது இணையத்தில் இருக்கும்வரை ஸ்காலர் பெரும்பாலும் எண்ணிவிடும், வல்லுநர் குழு தேர்ந்தெடுத்த இதழ்களையே முதன்மையாகக் கொள்ளும் ஸ்கோப்பஸ் எண்ணாது. ஆகவே 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச்-குறியீடு (தலா பத்து மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் பத்து இருந்தால் அது 10), ஒரே ஆய்வாளருக்கு ஸ்காலரில் பொதுவாகக் கூடுதலாகத் தெரியும். அதைத் தகுதி கூடியதாகக் கொள்ளலாகாது.

பெயர்க் குழப்பம்: பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் செட்டிநாட்டில், ஒரே முன்னெழுத்துடன் மெய்யப்பன்கள் பலர் இருப்பது இயல்பு. ஸ்காலர் பிறர் கட்டுரையையும் நம் பக்கத்தில் சேர்த்துவிடக்கூடும். ஸ்கோப்பஸோ ஒருவரையே இரு பக்கங்களாகப் பிரித்துவிடுவதுண்டு. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்த அடையாளமான ஆர்க்கிட் (ORCID) எண் இருந்தால் பின்னதைத் திருத்துவது எளிது.

பதவி உயர்வுக்கும் நிதி விண்ணப்பத்துக்கும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழு வேறு கேட்காதவரை, ஸ்கோப்பஸ் எண்ணே பாதுகாப்பானது. நம் ஆய்வை யார் யார் படித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று தேடுவோர்க்கு ஸ்காலரே பொருந்தும்.