ஆச்சியின் காது: பழைய படத்தைச் சரிசெய்ய ஆப்பா, ஸ்டுடியோவா, நாமே உட்காருவதா?

போன மாசியில் ஆச்சியின் பழைய படம் ஒன்றை மூன்று விதமாகச் சரிசெய்து பார்த்தேன். முதலில் போனில் ஒரு ஏஐ ஆப், அப்புறம் ஊரில் ஒரு ஸ்டுடியோ, கடைசியில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைத் திறந்துவைத்து நானே. மூன்று பிரிண்டையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் போட்டு வீட்டில் எல்லோரையும் பார்க்கச் சொன்னேன். நான் கையால் செய்கிற கட்சி, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் பதினோரு ராத்திரி போயிற்று என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

படம் போஸ்ட்கார்டு அளவு, கறுப்பு வெள்ளை. பின்னால் பென்சிலில் 1958 என்று எழுதியிருக்கிறது. தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், ஆச்சி பக்கத்தில் நிற்கிறாள், நடுவில் ஒரு டீப்பாய், அதன் மேல் ஸ்டுடியோக்காரரின் காகிதப்பூ ஜாடி. குறுக்கே ஒரு மடிப்பு. கீழ் ஓரத்தை ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. தாத்தாவின் வேட்டியில் மழைத்தண்ணீர் இறங்கிய மஞ்சள் கறை. மேல் மூலை சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. அப்படி ஒட்டியதை யாரும் பிய்த்து எடுக்காதீர்கள். படம் இருப்பது தாளின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சில். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்கிறது, இழுத்தால் தாள் கைக்கு வரும், படம் கண்ணாடியில் தங்கிவிடும். நான் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்தேன்.

விலை, வேகம் எல்லாம் நீங்கள் ஊகிப்பதுதான். ஆப்புக்கு ஒரு நிமிஷம், முதல் சில படங்கள் இலவசம். ஸ்டுடியோவில் 400 ரூபாய், இரண்டு நாள். கிம்ப் இலவசம், உங்கள் தூக்கம் மட்டும் செலவு. முகம் பெரிதாகத் தெரியாத படம், வீட்டு வாசல், திருவிழாக் கூட்டம் போன்றவற்றுக்கு ஆப்பே போதும், இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஸ்டுடியோவைப் பற்றிச் சுருக்கமாக. கடைக்காரர் படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அண்ணாச்சி, பாடி மாத்திரலாமா? பட்டுச்சேலை இருக்கு, ஐயாவுக்கு ஜிப்பாவும் இருக்கு." தலையை மட்டும் வெட்டி வேறொரு உடம்பில் ஒட்டி, பின்னால் நீல வானம் போட்டு, மாலை போடத் தோதாக லேமினேட் செய்து தருவது நம்மூரில் வெகுநாள் வழக்கம். அவரைக் குறை சொல்ல முடியாது, பதினாறாம் நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது ஓடிவருகிறவர்களுக்கு அதுதான் தேவை. நான் வேண்டாம் என்றதும் அவரும் கணினியில் ஒரு ஏஐ மென்பொருளைத்தான் திறந்தார். ஆகவே ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முகத்தைக் கையால் செய்கிறீர்களா, மிஷினில் விடுகிறீர்களா? கையால் செய்கிற ஆள் கிடைத்தால் நான் மேலே சொன்ன பதினோரு ராத்திரி உங்களுக்கு மிச்சம். எனக்குக் கிடைக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆப் செய்த படத்தைப் பார்த்ததும் முதலில் எனக்கே மலைப்புதான். மடிப்பைக் காணோம், கறையைக் காணோம், ஆச்சியின் கண்ணில் இமைமுடி ஒவ்வொன்றாகத் தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு" என்றாள். அம்மாவின் அக்காவான பெரியம்மை போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "காதை எங்கடே?" என்றாள்.

ஆச்சி பாம்படம் போட்டவள், வளர்த்த காதில் தொங்கவிடும் கனத்த தங்கக் காதணி அது. சின்ன வயதிலேயே காது வளர்த்து, தோள் வரைக்கும் தொங்கும் காது. மூலப்படத்தில் அந்த இடம் மங்கல்தான், என்றாலும் தோளுக்கு மேல் பாம்படத்தின் சதுரமும் உருண்டையும் தெரியும். ஆப் அந்தத் தொங்கலை அழித்துவிட்டு, கச்சிதமாக ஒரு சின்னக் காதை வைத்து, அதில் ஒரு கம்மலையும் மாட்டியிருந்தது. பாம்படம் இருந்த இடம் தலைமுடியின் நிழலாக மாறிவிட்டது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. 2021, 2022இல் வந்த ஜிஎஃப்பிகேன், கோட்ஃபார்மர் போன்ற முகச் சீரமைப்பு முறைகள், என்விடியா என்ற கணினிச் சிப் நிறுவனம் 2019இல் வெளியிட்ட முகத்தொகுப்பு ஒன்றைக் கொண்டு பழக்கப்பட்டவை. ஃப்ளிக்கர் என்ற படம் பகிரும் தளத்தில் ஜனங்கள் போட்ட படங்களிலிருந்து எடுத்த 70,000 முகங்கள். மங்கலான முகத்தைக் கொடுத்தால், இந்த மங்கலுக்குப் பின்னால் எப்படிப்பட்ட முகம் இருக்கும் என்று, தான் பார்த்த முகங்களை வைத்து ஊகித்து அது புதிதாக வரைகிறது. அந்த 70,000 பேரில் பாம்படம் போட்ட ஆச்சிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? கோட்ஃபார்மரில் 0 முதல் 1 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள், 1 பக்கம் தள்ளினால் மூலத்தோடு கூடுதலாக ஒட்டி நிற்கும். அப்படித் திருகக் குமிழ் இல்லாத ஆப்பில் அது கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கையால் செய்யும்போது நானும் தப்பு செய்தேன். பக்கத்து இடத்தைக் கொண்டு குறையை மூடுகிற கிம்பின் ஹீல் கருவியால் தூசிப்புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனபோது, 400 சதவீதம் பெரிதாக்கிய திரையில் ஒரு வெள்ளைப் புள்ளியையும் அழித்தேன். மறுநாள் பார்த்தால் ஆச்சிக்கு மூக்குத்தி இல்லை. ஆனால் அது பார்த்ததும் தெரிகிற தப்பு, மூலத்தைத் தொடாமல் அதன் மேல் தனி லேயரில் (அடுக்கில்) செய்திருந்ததால் திரும்பக் கொண்டுவரவும் முடிந்தது. ஆப்பின் தப்பு அப்படித் தெரியாது. அது போட்ட காது எந்தக் குறையும் இல்லாத காது. எங்கள் வீட்டில் அதைப் பிடித்தது பெரியம்மை ஒருத்திதான், அவளுக்கு வயது 81. அம்மாவின் கல்யாணத்துக்குப் பாம்படத்தை அழித்துச் சங்கிலி செய்துவிட்டார்கள், அப்புறம் ஆச்சி காதையும் அறுத்துத் தைத்துக்கொண்டாளாம். எனக்குத் தெரிந்த ஆச்சிக்குச் சாதாரணக் காதுதான். பெரியம்மை பார்த்திருக்காவிட்டால் நானே அந்தப் புதுக் காதை நம்பிச் சட்டம் போட்டிருப்பேன். அந்தப் பாம்படத்துக்கு இந்த ஒரு படத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. எனக்கு இது ஒன்றே போதும், மற்ற எல்லா வசதிகளையும் இது அடித்துவிடுகிறது.

கையால் செய்வது என்றால் ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கவேண்டாம், எனக்கு ஒரு கோடு நேராக வராது. பாதி வேலை ஸ்கேனிலேயே முடிந்துவிடுகிறது. ஆபீஸில் இருக்கும் பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரில் போட்டபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த படம் மங்கிப்போனது. அந்த வகை ஸ்கேனர்கள் தன்மேல் ஒட்டிப் படுக்கிற தாளை மட்டும்தான் தெளிவாக எடுக்கும். நண்பர் ஒருவரிடமிருந்த பழைய சிசிடி ஸ்கேனரில், அதாவது கொஞ்சம் தள்ளி இருப்பதையும் தெளிவாக எடுக்கும் வகையில், நன்றாக வந்தது. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பு, கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில் ஸ்கேன். கலர் எதற்கு என்றால், கலர் கோப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்கள் தனித்தனியாக இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில் கறுப்பாக நிற்கும், சிவப்புச் சேனலில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். கிம்பில் சேனல்களைப் பிரித்துச் சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டேன், தாத்தாவின் வேட்டி ஒரு நொடியில் வெளுத்துவிட்டது, வண்ணான் கூட அவ்வளவு சீக்கிரம் தரமாட்டான்.

மடிப்புக்கும் ஒரு வழி உண்டு. ஸ்கேனரின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் விழுகிறது, அதனால் மடிப்பு நிழலோடு விழும். ஒரு தரம் ஸ்கேன் செய்துவிட்டு, படத்தின் தலைப்பக்கம் கால்பக்கமாக வரும்படி சுற்றி வைத்து இன்னொரு தரம். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேல் லேயரைப் பாதி தெரிகிறாற்போல் ஆக்கினால் ஒரு பக்க நிழல் மறுபக்க வெளிச்சத்தோடு சேர்ந்து அடங்கிவிடும். இரண்டையும் பொருத்துவதற்குள் கழுத்து வலி வந்துவிடும், அது வேறு கதை. மிச்சமிருந்த கோட்டைத்தான் ஹீல் கருவியாலும், ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து ஒட்டும் குளோன் கருவியாலும் துளித்துளியாக மூடினேன். ஆச்சியின் முகத்தில் மடிப்பு கன்னம் வழியாக மட்டும் போனது என் அதிர்ஷ்டம். கண் வழியாகப் போயிருந்தால் இவ்வளவு தெம்பாகப் பேசியிருக்க மாட்டேன், அப்போது என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பூச்சி அரித்த கீழ் ஓரத்தை நான் நிரப்பவில்லை. டீப்பாயின் ஒரு காலும் தாத்தாவின் வலது பாதமும் அங்கே இல்லை, சாம்பல் நிறமாக விட்டுவிட்டேன்.

கலர் படங்களில் என் கை பழக்கம் குறைவு, எண்பதுகளில் எடுத்த ஒரே ஒரு கல்யாணப் படம்தான் செய்திருக்கிறேன். அந்தக் காலத்துக் கலர் பிரிண்ட்கள் ஆல்பத்துக்குள் இருட்டில் இருந்தாலே நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிச் சிவந்துபோகும். அதைத் திருப்பிக் கொண்டுவர ஆப் என்னைவிட நன்றாகச் செய்தது, முகத்தைத் தொடாத ஆப்பாகப் பார்த்து எடுத்தேன். கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவது எனக்குப் பிடிப்பதில்லை. சிவப்பை உணராத பழைய பிலிம்களில் குங்குமப் பொட்டும் கறுப்பு, சிவப்புச் சேலையும் கறுப்பு. ஆச்சி கட்டியிருந்தது என்ன நிறம் என்று மிஷினுக்கு எப்படித் தெரியும், பெரியம்மைக்கே நினைவில்லை.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொன்னேன், 60 ரூபாய் கூட ஆயிற்று. மூலத்தை வெளுக்காத பருத்தித்துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாயிற்று. மாமா மகள் தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள். நான் செய்ததையும் ஆப் செய்ததையும் சேர்த்தே அனுப்பி, காது விவகாரத்தையும் விளக்கமாக எழுதியிருந்தேன். "சரி அத்தான்" என்று பதில் வந்தது. சாயங்காலம் பார்த்தால் வாட்ஸ்அப் டிபியில் கம்மல் போட்ட ஆச்சி. கேட்டதற்கு, "இதுதான் அத்தான் பளிச்சுன்னு இருக்கு" என்றாள்.