வடியாத இமை வீக்கமும் ‘நார்மல்தான் மேடம்’ என்ற பதிலும்: கண் வறட்சி சிகிச்சை பற்றி ஓர் எச்சரிக்கை

கண் வறட்சிக்கு ஐ.பி.எல். என்கிற ஒளி சிகிச்சை எடுக்க நினைப்பவர்கள், எடுத்துவிட்டு இமை வீங்கி என்ன செய்வதென்று தெரியாமல் தவிப்பவர்கள், இரண்டு பேருமே இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிகிச்சை செய்த மையத்தின் பெயரை நான் போடவில்லை. அங்கே நடந்தது வேறு எங்கும் நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது இமைச் சுரப்பி அடைப்பால் வரும் வறட்சி. இமை ஓரத்தில் மைபோமியன் சுரப்பிகள் வரிசையாக இருக்கும். மேல் இமையில் ஏறத்தாழ 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. இவை சுரக்கிற எண்ணெய்தான் கண்ணீர் சட்டென்று ஆவியாகாமல் காக்கிறது. எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டால் கண்ணில் மணல் விழுந்த மாதிரி நாள் முழுக்க உறுத்தல்தான். ஐ.பி.எல். முறையில் கன்னத்திலும் கண்ணுக்குக் கீழேயும் பளிச் பளிச்சென்று ஒளியைப் பாய்ச்சி, அங்கே விரிந்து கிடக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கிறார்கள். அழற்சி குறையும். பிறகு இமையைப் பிதுக்கி, கெட்டியான எண்ணெயை வெளியேற்றுவார்கள். சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. இதற்கான ஒரு கருவிக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2021-ல் அனுமதி கொடுத்திருக்கிறது. எனக்கு அதைச் செய்த விதமும், செய்தபின் என்னைக் கைகழுவிய விதமும்தான் என் புகார்.

முதல் விஷயம், தோல் நிறம். அந்த ஒளியை ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சுவது போலவே தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். கறுத்த தோலில் ரத்தக் குழாய்க்குப் போக வேண்டிய சூடு மேல் தோலிலேயே தங்கிவிடும். கொப்புளம், கருந்திட்டு எல்லாம் அப்படித்தான் வருகின்றன. அதனால் தோல் நிறத்தை வகை பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலின் ஆறு வகைகளில் நோயாளியின் தோல் எந்த வகை என்று பார்த்து ஒளியின் அளவை வைக்க வேண்டும். மிகவும் கறுத்த தோலுக்குப் பொதுவாக இந்தச் சிகிச்சையைத் தவிர்த்துவிடுவார்கள். நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கறுப்பு. தோலைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓரமாக ஓரிடத்தில் ஒளியைப் பாய்ச்சிச் சோதித்துப் பார்க்கவும் இல்லை. அந்தச் சமயத்தில் நான் டாக்சிசைக்ளின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இமைச் சுரப்பிப் பிரச்சினைக்கு அடிக்கடி எழுதித் தரும் மாத்திரைதான், ஆனால் தோலுக்கு ஒளி ஒத்துக்கொள்ளாமல் செய்யும் குணம் அதற்கு உண்டு. மையத்தில் நோயாளிகளிடம் சிகிச்சையை விளக்கும் கவுன்சிலர் நீட்டிய ஒப்புதல் படிவத்தில் ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்ற இடத்தில் அதை எழுதியிருந்தேன். அவர் பார்த்தது கையெழுத்தை மட்டும்தான்.

ஒளி பாய்ச்சிய பிறகு ஓரிரு நாள் லேசான வீக்கமும் சிவப்பும் இருப்பது சகஜம். எனக்கு அது வடியவே இல்லை. காலையில் எழுந்தால் மேல் இமையின் மடிப்பே தெரியாது; தோல் இழுத்துப் பிடித்துப் பளபளவென்று இருக்கும். வெளி ஓரத்தில் செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. வலியைவிட அரிப்புதான் தாங்கவில்லை. படம் எடுத்து மையத்துக்கு அனுப்பினால் ஒரே பதில்: “நார்மல்தான் மேடம், ஐஸ் வைங்க, ரெண்டு நாள்ல போயிடும்.” டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு அடுத்த சிட்டிங் தேதியைக் கொடுத்தார்கள். இமை வீங்கியிருக்கும்போதே மறுபடி ஒளி பாய்ச்சத் தயாராக இருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

நான் விடாமல் கேட்டதும், நேரில் பார்க்காமலே போனில் ஒரு ஸ்டீராய்டு சொட்டு மருந்து சொன்னார்கள். போட்டேன், வீக்கம் குறைந்தது. நிறுத்தினேன், திரும்ப வந்தது. கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் போடுங்கள் என்றார்கள். இப்படியே ஓடியது. ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட்டால் சிலருக்குச் சில வாரங்களிலேயே கண் அழுத்தம் ஏறிவிடும். அது பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா வரை போகலாம். நெடுநாள் போட்டால் கண்புரையும் வரும். அழுத்தம் ஏறுவது நமக்குத் தெரியாது, கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். அவர்கள் ஒருமுறைகூட அளக்கவில்லை.

கடைசியில் வேறொரு கண் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டது, “கண்ணுக்குப் போடுற எல்லாத்தையும் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?” என்றுதான். பையில் இருந்ததை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றின் லேபிளையும் படித்தார். ஒளி சிகிச்சை முடிந்த அன்றே மையத்தில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் களிம்பை எடுத்துத் தனியாக வைத்தார். அதில் நியோமைசின் இருந்தது. தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன மருந்து அது. இமையோரத்தில் அதை நான் தினமும் தடவிக்கொண்டிருந்தேன், அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் களிம்பு வீங்க வைக்க, இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு அதை அமுக்க, சொட்டு மருந்தை நிறுத்தும்போதெல்லாம் வீக்கம் தலைதூக்கியது அதனால்தான். ஒளி சிகிச்சையில் ஏற்கெனவே புண்பட்ட தோல் என்பதால் ஒவ்வாமை இன்னும் சுலபமாகப் பிடித்துக்கொண்டிருக்கும் என்றார். பிறகு கண் அழுத்தத்தை அளந்தார். வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டியது, எனக்கு அதற்கு மேல் ஏறியிருந்தது. ஸ்டீராய்டைப் படிப்படியாக விட்டதும் இறங்கிவிட்டது. பின்னர் மருந்தைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்டிலும் நியோமைசின் ஒவ்வாமை உறுதியானது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு எனக்கு உதவியதைச் சொல்கிறேன். அந்த மருத்துவர் களிம்பை உடனே நிறுத்தச் சொன்னார். பதப்படுத்தும் ரசாயனம் கலக்காத செயற்கைக் கண்ணீர் மட்டும் தொடர்ந்தது, ஏனென்றால் பென்சால்கோனியம் குளோரைடு கலந்த சொட்டு மருந்துகள் எரிச்சலைக் கூட்டும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து ஒற்றினேன். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கவில்லை. வறட்சிக்கு வழக்கமாகச் செய்யும் சூடான ஒத்தடத்தையும் இமை மசாஜையும் வீக்கம் வடியும்வரை விட்டுவைத்தேன். தலையை உயர்த்திப் படுத்தது நிஜமாகவே உதவியது. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, மட்டமாகப் படுத்தால் ராத்திரி முழுக்க நீர் அங்கேயே தேங்கிவிடும். கண்மை, லென்ஸ் எதுவும் கிடையாது. ஆனால் உங்கள் வீக்கத்துக்குக் காரணம் வேறாக இருக்கலாம். ஸ்டீராய்டு போட்டுக்கொண்டிருந்தால் என்னைப் பார்த்து நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரைக் கேட்டுக் குறையுங்கள். வறட்சிக்காகக் கண்ணீர் வடியும் துளையில் அடைப்பான் வைத்துக்கொண்டவர்களுக்கு மூக்கோர மூலையில் வீங்கி வலித்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

வீக்கத்தோடு காய்ச்சல், பார்வை மங்கல், இரட்டையாகத் தெரிவது, கண்ணை அசைத்தால் வலி, விழி முன்னுக்குத் தள்ளுவது, இவற்றில் எது இருந்தாலும் படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாமல் கூசினாலும் அன்றைக்கே காட்டுங்கள். கண் கவசம் சரியாக வைக்காமல் ஒளி பாய்ச்சினால் கருவிழிக்குள்ளும் அழற்சி வரலாம்.

எனக்கு எந்த அளவில் ஒளி பாய்ச்சினீர்கள், தோலை எந்த வகை என்று குறித்தீர்கள், அழுத்தம் பார்க்காமல் ஸ்டீராய்டு சொன்னது யார் என்று கேட்டு மையத்துக்கு எழுத்துமூலம் கொடுத்திருக்கிறேன். என் சிகிச்சைப் பதிவேட்டின் நகலையும் கேட்டிருக்கிறேன். இன்னும் தரவில்லை. அடுத்த சிட்டிங்கை நினைவூட்டும் மெசேஜ் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.