பச்சையாகச் சாப்பிட எது முதலில்? கேரட்டா, குடைமிளகாயா, சிவப்பு முட்டைக்கோஸா?

காய்கறிகளை வண்ண வண்ணமாகப் பச்சையாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எல்லா நிறமும் பச்சையாகத் தின்னும்போது ஒரே அளவு பலன் தருவதில்லை. துருவிய கேரட்டைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கிப் பாருங்கள், எண்ணெய் ஆரஞ்சு நிறமாகிவிடும். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் அந்த அளவுக்கு நிறம் இறங்காது. சிவப்பு முட்டைக்கோஸை நறுக்கி வெந்நீரில் போட்டாலோ சற்று நேரத்தில் தண்ணீரே ஊதாவாகிவிடும். கேரட்டின் நிறம் எண்ணெயில் கரைவது, முட்டைக்கோஸின் நிறம் நீரில் கரைவது. எதைப் பச்சையாகத் தின்பது என்று முடிவு செய்ய நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பச்சையாகத் தின்ன என் முதல் தேர்வு சிவப்புக் குடைமிளகாய். பச்சைக் குடைமிளகாய் என்பது பெரும்பாலும் இதே காய் பழுப்பதற்கு முன் பறித்தது. பழுக்கப் பழுக்க வைட்டமின் சி கூடுகிறது: 100 கிராமில் பச்சையில் சுமார் 80 மில்லிகிராம், சிவப்பில் 130-க்கு நெருக்கம். ஆரஞ்சுப் பழத்திலேயே ஐம்பது சொச்சம்தான். ஆக, நடுத்தர அளவில் ஒரு சிவப்புக் குடைமிளகாய் பெரியவர் ஒருவரின் அன்றைய தேவைக்குப் போதும். இந்த வைட்டமின் சூட்டில் சிதையும், வேகவைத்த நீரிலும் இறங்கிவிடும். அதனால் பச்சையாக மென்று தின்பதே லாபம்.

அடுத்தது சிவப்பு முட்டைக்கோஸ். வெள்ளை முட்டைக்கோஸில் 37 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால் இதில் 57. ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின். எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே இளஞ்சிவப்பாக மாறும், பார்க்கவே அழகு. நறுக்கும்போது செல்கள் உடைந்து, உள்ளிருக்கும் ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குகிறது. கடுகுக்கு நெடி தரும் சேர்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை அப்போதுதான் உருவாகின்றன. நேரடியாக வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். எனவே மெல்லிசாக நறுக்கி, சில நிமிடங்கள் அப்படியே விட்டு, அப்புறம் சாப்பிடுங்கள்.

கேரட்டை நான் மூன்றாவதாக வைப்பது சிலருக்குப் பிடிக்காது. அதற்கு ஆரஞ்சு நிறம் தரும், உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் 100 கிராமில் 8 மில்லிகிராம் அளவுக்கு இருப்பது உண்மைதான், இந்த மூன்றில் அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் அது கெட்டியான செல்சுவருக்குள் சிக்கியிருக்கிறது, உடலில் சேரக் கொழுப்பும் வேண்டும். வெறும் கேரட்டைக் கடித்துத் தின்றால் அதில் நல்ல பங்கு சேராமலே போய்விடும். வைட்டமின் சி-யும் 6 மில்லிகிராம்தான். தக்காளிக்கும் கிட்டத்தட்ட இதே கதை: அதன் சிவப்பு நிறமியான லைகோபீன் எண்ணெயோடு சமைத்தால்தான் நன்றாகக் கிடைக்கும்.

பீட்ரூட்டில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் நிறைய, 100 கிராமில் சுமார் 110 மைக்ரோகிராம். சூட்டில் அதுவும் குறையும் என்பதால் துருவிச் சேர்க்கலாம். சிலருக்கு மறுநாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். கல் உருவாகக் காரணமாகும் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கேரட்டைப் பச்சையாகத்தான் தின்பேன் என்றால்? பொடியாகத் துருவி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறுங்கள், இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்த்து நிதானமாக மெல்லுங்கள்.