தண்டையார்பேட்டையில் ஒரு கேம் தியரி டியூஷன்

பி.ஏ. எகனாமிக்ஸ் படித்துக்கொண்டு கேம் தியரியில் (ஒருவர் முடிவு இன்னொருவர் லாபத்தையும் பாதிக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்க்கும் பாடம்) திணறுகிறவர்கள், தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை டியூஷனுக்குத் தயங்காமல் போகலாம்.

நடத்துகிற அக்கா முதலில் கணித அறிஞர் ஜான் நாஷ் பெயரையே எடுக்கவில்லை. எம்.சி. ரோட்டில் எதிரெதிரே இரண்டு துணிக்கடை, தள்ளுபடி போடலாமா வேண்டாமா என்று ஆரம்பித்தார். இருவரும் விலையைக் குறைக்காமல் இருந்தால் ஆளுக்கு 10 ஆயிரம் லாபம். ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்கு 14, மற்றவருக்கு 4. இருவரும் குறைத்தால் ஆளுக்கு 6. கட்டம் போட்டு, எதிராளி இதைச் செய்தால் எனக்கு எது மேல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எங்களையே அடிக்கோடு போட வைத்தார். இரண்டு கோடும் விழுந்த கட்டம் 6, 6. யாரும் தனியாக முடிவை மாற்றி லாபம் பார்க்க முடியாத இடம், அதுதான் நாஷ் சமநிலை. 10, 10 கண்ணெதிரே இருந்தும் ஏன் அங்கே நிற்க முடியவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது!

கலப்பு உத்திக்கு, அதாவது ஒரே முடிவில் நிற்காமல் பலவற்றைக் கலந்து ஆடுவதற்கு, உதாரணம் வியாசர்பாடி மைதானத்துப் பெனால்டி. கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தாலும் அவருக்கு ஒரே பலன் என்று ஆகும்படி, அடிப்பவர் இடதையும் வலதையும் கலக்க வேண்டும். அருமையாகச் சொன்னார்.

எவ்வளவு உற்பத்தி செய்வது என்று கம்பெனிகள் போட்டி போடும் கூர்னோ மாதிரிதான் அவசரமாக ஓடிவிட்டது. 1838-இல் வந்தது, இன்றைக்கும் பாடத்தில் இருக்கிறது. அதற்கு இன்னொரு வகுப்பு ஒதுக்கியிருக்கலாம். அப்புறம், அதற்குத் தேவைப்படும் வகையீடு (டிஃபரென்ஷியேஷன்) மறந்திருந்தால் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.