மின்னணு மருத்துவப் பதிவேடும் அரசு ஊக்கத்தொகையும்: பத்தாண்டுக்கும் மேலான அனுபவம்

அமெரிக்காவில் இரண்டு மருத்துவர்கள் மட்டுமே உள்ள ஒரு கிளினிக்கில் பணிபுரிகிறேன். 2009ஆம் ஆண்டின் ஹைடெக் சட்டம், சான்றளிக்கப்பட்ட மின்னணுப் பதிவேட்டை முறையாகப் பயன்படுத்தும் மருத்துவர்களுக்கு மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழியாக ஐந்தாண்டுகளில் அதிகபட்சம் 44,000 டாலரும், மெடிகெய்டு (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வழியாக ஆறாண்டுகளில் 63,750 டாலரும் வழங்க வகைசெய்தது. இரண்டாவது வழிக்குப் பொதுவாக நோயாளிகளில் 30 விழுக்காட்டினராவது மெடிகெய்டு பயனாளிகளாக இருக்க வேண்டும் என்பதால், நாங்கள் 2011இல் மெடிகேர் வழியில் சேர்ந்தோம்.

முதலாண்டில் தொடர்ந்து 90 நாள் பயன்பாட்டுக் கணக்கைக் காட்டினால் போதுமானதாக இருந்தது. மருந்துச் சீட்டுகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் மின்னணு முறையில் அனுப்புவதும், 13 வயது நிறைந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் புகைப்பழக்க விவரத்தைப் பதிவதும் நிபந்தனைகளில் சில. மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் முன்கூட்டியே செலவழித்துவிட்டு, தொகைக்காகப் பின்னர் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைச் சிறிய கிளினிக் நடத்துபவர்கள் நன்கு உணர்வார்கள்.

ஆயினும், மருந்துப் பட்டியலைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு நான் இன்றும் நன்றியுடையவன். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்ளும் ஒரு முதியவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகச் சல்ஃபா வகை மருந்தை எழுதியபோது, இரத்தக்கசிவு அபாயம் குறித்த எச்சரிக்கை திரையில் தோன்றியது; உடனே வேறு மருந்துக்கு மாற்றினேன். காகிதக் கோப்பாக இருந்திருந்தால், அந்த வார்ஃபரின் குறிப்பு நான்கு பக்கங்களுக்குப் பின்னால் கிடந்திருக்கும்.

2014இல் தொடங்கிய, ஊக்கத்தொகைத் திட்டத்தின் இரண்டாம் கட்டந்தான் எங்களை வாட்டியது. நோயாளிகளில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தங்கள் பதிவை இணையத்தில் தாமே திறந்து பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். மின்னஞ்சல் முகவரியே இல்லாத முதியவர்களிடம், எங்கள் வரவேற்பாளர் ஒவ்வொருவராக அருகில் அமர்ந்து கணக்குத் தொடங்கச் சொல்லிக்கொடுத்தார். நோயாளியின் செயலுக்கு மருத்துவரைப் பொறுப்பாக்கியது தவறு என்றே கருதுகிறேன். 2015 அக்டோபரில் அந்த அளவை ஒரே ஒரு நோயாளி என்று தளர்த்தினார்கள். ஆனால் தகுதிபெறத் தவறியோருக்கு சிகிச்சைக்கு மெடிகேர் தரும் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கும் நடைமுறை அதே ஆண்டு வந்துவிட்டது.

மிகப் பெரிய குறை வேறொன்று. வெளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளியின் சுருக்க அறிக்கை எங்களுக்குப் பல ஆண்டுகள் ஃபேக்ஸில்தான் வந்தது. அதை ஸ்கேன் செய்து படமாகச் சேர்ப்போம். படத்தில் உள்ள மருந்துப் பெயரைக் கணினி அறியாது என்பதால், செவிலியர் ஒவ்வொன்றையும் மீண்டும் தட்டச்சு செய்வார். மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கியிருக்க வேண்டும். தகவலை வேண்டுமென்றே தடுத்து வைப்பதற்கு எதிரான விதி 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்று, 2021 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது பெரும்பாலான அறிக்கைகள் நேராகவே பதிவேட்டுக்குள் வந்து சேர்கின்றன. முதியோர் பராமரிப்பு இல்லங்களிலிருந்து வருபவை மட்டும் இன்னும் ஃபேக்ஸில் வருகின்றன. செவிலியர் அவற்றைத் தட்டச்சு செய்துகொண்டுதான் இருக்கிறார்.